உங்கள் ஆசி இல்லாமல் எந்த அரசனும் தெய்வமாகவில்லை: சமயத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாச் சமயங்களின் மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம்.

மதத்தைக் காட்டி அதிகாரத்தைப் பிடிக்கிறார்கள் என்ற கண்டனம் வழக்கமாக ஆட்சியாளர்களை நோக்கியே எழுதப்படுகிறது. அதைப் படித்து எந்த ஆட்சியாளரும் திருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே இதை உங்களுக்கு எழுதுகிறேன். படை எப்போதும் அரசனிடம் இருந்தது. வரி வாங்க ஆள் இருந்தது, அடைத்து வைக்கச் சிறை இருந்தது. “உனக்கு நான் ஏன் பணிய வேண்டும்?” என்று ஒரு குடிமகன் கேட்டால் சொல்வதற்கு மட்டும் அவனிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைப் பாபிலோனிலிருந்து இன்றுவரை சமயம் சார்ந்த ஒருவர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். மன்னர்கள் மதத்தைத் திருடிக்கொண்டு போனார்கள் என்பது பாதிக் கதை. பெரும்பாலும் சாவியை உள்ளிருந்து யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

நான் கடவுளை நம்புகிறவன். மதத்தை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. நம்பிக்கை எனக்கு உயிரானது என்பதால்தான் அது ஒருவருடைய பதவிக்குப் படியாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கி.மு. 539-இல் பாரசீகத்தின் சைரஸ் பாபிலோனைப் பிடித்தார். அதன் அரசர் நபோனிடஸ் நகரத் தெய்வமான மர்துக்கை விட்டுச் சந்திரக் கடவுளான சின்னைத் தூக்கிப் பிடித்ததில் மர்துக்கின் பூசாரிகளுக்குக் கோபம் இருந்தது. சைரஸ் பெயரில் களிமண் உருளை ஒன்றில் எழுதப்பட்ட வாசகம் இன்றும் இருக்கிறது. நேர்மையான அரசனைத் தேடி மர்துக்கே நாடு நாடாகப் பார்த்தார், சைரஸின் கையைப் பிடித்தார், போரில்லாமல் அவரை நகருக்குள் நுழையவைத்தார் என்கிறது அது. சற்று முன்னால் ஓபிஸ் நகரில் நடந்த போர் அதில் இடம்பெறவில்லை. அதே சைரஸைத்தான் எபிரேய வேதத்தின் ஏசாயா, தம் கடவுள் அபிஷேகம் செய்தவர் என்று அழைக்கிறது. ஒரே வெற்றிக்கு இரண்டு கடவுள்கள் உரிமை கோரினார்கள். இரு தரப்பு அடியார்களுக்கும் அவரால் நன்மை கிடைத்தது உண்மைதான். ஆனால் அன்று முதல் இந்த நடைமுறை மாறவில்லை. முதலில் வெற்றி வருகிறது. தெய்வ சம்மதம் அதன் பின்னால் எழுதப்படுகிறது.

சீனத்தில் உ சேதியன் அரியணை ஏறிய விதம் இதைவிடத் தெளிவானது. பெண் ஆளக் கூடாது என்பது அங்கே கன்பூசிய மரபின் உறுதியான கருத்து. அந்தச் சுவரை உடைக்க அவருக்குப் பௌத்தம் தேவைப்பட்டது. 690-இல் துறவிகள் சிலர் மகாமேக சூத்திரத்துக்கு ஓர் உரை எழுதிக் கொடுத்தார்கள். உலகை ஆளப் போகும் பெண்ணைப் பற்றி அந்தச் சூத்திரத்தில் வரும் முன்னறிவிப்பு உ சேதியனையே குறிக்கிறது, அவரே வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் அவதாரம் என்றது உரை. அதே ஆண்டு அவர் பேரரசரானார். மாகாணந்தோறும் அந்தச் சூத்திரத்தின் பெயரில் விகாரை எழுப்ப ஆணை பிறந்தது, உரை எழுதியவர்களுக்குப் பட்டங்கள் வந்தன, மறு ஆண்டே பௌத்தத்துக்குத் தாவோ சமயத்தைவிட மேலான இடம் தரப்பட்டது. துறவிகளுக்கு இது பெரிய வெற்றியாகத் தெரிந்திருக்கும். 845-இல் அதே அரியணையில் அமர்ந்திருந்த உசோங், 4,600 மடாலயங்களை இடிக்கவும் 2,60,500 துறவியரைக் காவி களையவைக்கவும் ஆணையிட்டார். மடங்களிடம் சேர்ந்திருந்த நிலமும் செல்வமும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அரசு கொடுத்ததை அரசே எடுத்துக்கொண்டது.

ஐரோப்பாவில் பெபினுக்கு நடந்தது எல்லாவற்றிலும் நேரடியான கொடுக்கல் வாங்கல். பிராங்கு நாட்டில் மெரோவிங்கிய அரசர் பெயருக்கு இருந்தார். அதிகாரம் முழுவதும் அரண்மனை மேலாளரான பெபினிடம் இருந்தது. அவர் ரோமுக்குத் தூது அனுப்பி, அதிகாரமே இல்லாதவர் அரசர் என்று அழைக்கப்படுவது முறையா என்று போப் சக்கரியாவிடம் கேட்டார். அதிகாரம் உள்ளவரே அரசராக அழைக்கப்படுவது நல்லது என்று பதில் வந்தது. 751-இல் பெபின் அரசரானார். பழைய அரசர் மூன்றாம் சில்டெரிக்கின் நீண்ட தலைமுடியை வெட்டி மடத்தில் அடைத்தார்கள். 754-இல் அடுத்த போப் இரண்டாம் ஸ்டீபன் ஆல்ப்ஸைக் கடந்து தாமே வந்தார், செயின்ட் டெனியில் பெபினுக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் திருத்தைலம் பூசினார், இனி இந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யாரையும் அரசராக்கக் கூடாது என்று பிரபுக்களுக்குக் கட்டளையிட்டார். ரோமை நெருக்கிக்கொண்டிருந்த லொம்பார்டியர்களை பெபின் அடித்துத் துரத்தினார். 756-இல் அவர்களிடமிருந்து பறித்த நகரங்களைப் போப்புக்குக் கொடுத்தார். போப்பின் அரசு என்று 1870 வரை நீடித்தது பிறந்தது அப்படித்தான்.

அந்தச் சொத்துக்கு ஒரு பழைய உரிமைப் பத்திரமும் தோன்றியது. மேற்கு ரோமப் பேரரசையே பழைய ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்புக்கு எழுதிவைத்ததாகச் சொல்லும் அந்த ஆவணம் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் யாரோ உருவாக்கிய போலி. அதன் லத்தீன் நடை கான்ஸ்டன்டைன் காலத்தது அல்ல என்று இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா 1440-இல் நிறுவினார். ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் ஒரு போலிப் பத்திரம் புனிதப் பெட்டகத்தில் இருந்தது. பெபினின் மகன் சார்லமேன் 782-இல் வெர்டனில் ஒரே நாளில் 4,500 சாக்சன் கைதிகளை வெட்டிக் கொன்றதாக அவருடைய அரசவைக் குறிப்பேடே சொல்கிறது. ஞானஸ்நானம் மறுக்கும் சாக்சனுக்கு மரணம் என்று சட்டமும் போட்டார். திருத்தைலம் அந்த வாளையும் நனைத்திருந்தது.

இப்படி ஆசி கொடுத்தவர்களுக்குப் பின்னால் என்ன ஆனது என்பதைத்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1804-இல் நெப்போலியன் முடிசூட்டு விழாவுக்குப் போப் ஏழாம் பயஸைப் பாரிசுக்கு வரவழைத்தார். கிரீடத்தைத் தம் கையாலேயே எடுத்துச் சூடிக்கொண்டார். 1806-இல் பிரான்ஸ் முழுவதும் சிறுவர்களுக்கு ஒரு புதிய மறைக்கல்வி நூல் வந்தது. நெப்போலியனுக்கு அன்பு, மரியாதை, கீழ்ப்படிதல், படைச்சேவை, வரி ஆகியவற்றைச் செலுத்துவது கடவுளுக்குச் செய்யும் கடமை என்றும், தவறினால் நித்திய தண்டனை என்றும் அது போதித்தது. போப்பின் பிரதிநிதியாகப் பாரிசில் இருந்த கர்தினால் அதற்கு ஒப்புதல் தந்தார். குழந்தைகள் மனப்பாடம் செய்தார்கள். 1809-இல் நெப்போலியனின் வீரர்கள் போப்பைக் கைது செய்தார்கள். 1814 வரை அவர் கைதியாகவே இருந்தார்.

ரஷ்யாவில் மகா பீட்டர் 1721-இல் திருச்சபையின் தலைமைக் குருவான பிதாப்பிதாவின் பதவியை ஒழித்துவிட்டுப் புனித சினாடு என்ற அரசுத் துறையை வைத்தார். அதைக் கண்காணிக்கக் குருவல்லாத ஓர் அரசு அதிகாரி அமர்த்தப்பட்டார். மறு ஆண்டு வந்த ஆணை ஒன்றை எந்தச் சமயத்தைச் சேர்ந்த குருவும் மறக்கக் கூடாது. பாவமன்னிப்புக்கு வரும் ஒருவர் அரசருக்கு எதிரான சதியைச் சொன்னால் குரு அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. மண்டியிட்டு அழுகிற மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே அரசாங்கத்தின் காது நுழைந்தது. பேரரசே விழுந்த 1917 வரை ரஷ்யத் திருச்சபைக்குப் பிதாப்பிதா கிடையாது.

ஆசி கேட்டு வருபவர் நம்பிக்கையாளர்தானா என்பதும் இங்கே பொருட்டில்லை. ஆயிரக்கணக்கான தேவாலயங்களை மூடி, குருமார்களைச் சுட்டுக் கொன்ற அரசை நடத்தியவர் ஸ்டாலின். போரில் மக்களைத் திரட்ட வேண்டியிருந்த 1943 செப்டம்பர் 4 அன்று இரவு அவர் எஞ்சியிருந்த பேராயர்கள் மூவரைக் கிரெம்ளினுக்கு அழைத்துப் பேசினார். நான்கே நாளில், 1925 முதல் காலியாக இருந்த பிதாப்பிதா பதவிக்குத் தேர்தல் நடந்தது. திருச்சபையோடு தொடர்பு வைத்துக்கொள்ள அவர் நியமித்தவர் அரசுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி. கடவுளே இல்லை என்று சொன்ன அரசுக்கும் கடவுளின் ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். திறக்கப்பட்ட தேவாலயங்களில் மக்கள் உண்மையாகவே அழுதிருப்பார்கள். அந்தக் கண்ணீரை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போட்டவரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பாகிஸ்தானில் ராணுவ ஆட்சியாளர் ஜியாவுல் ஹக் 1984 டிசம்பரில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தினார். நாட்டின் சட்டங்களை இஸ்லாத்துக்கு இசைவாக்கும் பணியை ஆதரிக்கிறீர்களா என்பதே கேள்வியின் சாரம். ஆம் என்று விழும் ஒவ்வொரு வாக்கும் ஜியா இன்னும் ஐந்து ஆண்டுகள் அதிபராக இருக்க அளித்த சம்மதமாகக் கொள்ளப்படும். ஒரு முஸ்லிம் எப்படி இல்லை என்று சொல்வார்? மனிதரின் பதவியை இறைவனின் பெயரோடு முடிச்சுப் போட்டுவிட்டால் எதிர்ப்பதற்கு வழியே இல்லாமல் போகிறது. இதைவிட வெளிப்படையான ஒன்றை நான் வரலாற்றில் கண்டதில்லை.

இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவின் கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதைத் துறவிகளின் பக்கத்திலிருந்து யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பௌத்தரானவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா. 1956 தேர்தலில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று அவர் முழங்கியபோது, பிக்குகளின் முன்னணி ஊர் ஊராகச் சென்று அவருக்காகப் பிரசாரம் செய்தது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்த 2,500-ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட காலம் அது, உணர்ச்சி உச்சத்தில் இருந்தது. அவர் வென்றார். 1957-இல் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகத்தோடு ஓர் உடன்படிக்கை செய்து, தமிழர்களுக்குச் சில உரிமைகளையாவது தர முன்வந்தார். 1958 ஏப்ரலில் பிக்குகள் திரளாக வந்து அவர் வீட்டு வாசலில் அமர்ந்தார்கள். உடன்படிக்கையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்த பிறகே எழுந்தார்கள். அடுத்த மாதம் தமிழர்கள் மீதான வன்முறை தீவு முழுவதும் பரவியது. 1959 செப்டம்பரில் பண்டாரநாயக்கா தம் வீட்டிலேயே சுடப்பட்டு மறுநாள் இறந்தார். சுட்டவர் காவி உடுத்திய ஒரு பிக்கு. சதியின் தலைவராகத் தண்டிக்கப்பட்டவர், 1956-இல் அவருடைய வெற்றிக்கு முன்னின்று உழைத்த களனி விகாரையின் தலைமைத் தேரர். வணிக ஒப்பந்தங்கள் கிடைக்காத ஆத்திரமும் அதன் பின்னணியில் இருந்தது.

இதில் யார் யாரைப் பயன்படுத்தினார்கள்? அரசியல்வாதி துறவிகளைப் பயன்படுத்தினார், துறவிகள் அவரைப் பயன்படுத்தினார்கள், விலையைப் பெரும்பாலும் கொடுத்தவர்கள் இரு தரப்பிலும் இல்லாத தமிழ்க் குடும்பங்கள். ஆசி வழங்கும் கைக்கு அந்த ஆசி எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. ஆனால் தெரியாது என்பதைச் சாக்காகச் சொல்ல முடியாத அளவுக்கு நம்மிடம் வரலாறு குவிந்து கிடக்கிறது.

நீங்கள் ஒரு பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அரசனுக்கு அருகில் இருந்தால்தான் அவனை நல்வழிப்படுத்த முடியும், விலகி நின்றால் தீயவர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அது. இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அசோகர் இருக்கிறார். கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று தம் குற்றத்தைத் தாமே பாறையில் எழுதிவைத்த வேறொரு பேரரசரை எனக்குத் தெரியாது. பிறர் சமயத்தை இகழாதே என்று இன்னொரு பாறையில் எழுதினார். தர்மம் அவரை உண்மையாகவே மாற்றியது என்றே நம்புகிறேன். ஆனால் வருந்தி எழுதிய அதே கல்வெட்டில் காட்டுவாசிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: மனம் வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தம்மிடம் உண்டு என்று. மிகச் சிறந்த அரசரிடமும் கருணையும் மிரட்டலும் ஒரே கல்லில்தான் இருந்தன.

மிலான் நகரின் ஆயர் அம்புரோஸையும் நீங்கள் எடுத்துக்காட்டலாம். தெசலோனிக்காவில் பேரரசர் தியோடோசியஸின் படை பொதுமக்களைக் கொன்று குவித்தபோது, 390-இல் அம்புரோஸ் அவருக்கு நற்கருணை தர மறுத்தார். உலகின் மிகப் பெரிய அதிகாரி தம் அரச உடையைக் களைந்துவிட்டு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. மகத்தான செயல், ஐயமில்லை. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு கலினிக்கம் என்ற ஊரில் ஓர் ஆயரின் தூண்டுதலில் யூதர்களின் தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டது. அதை ஆயரே கட்டித் தர வேண்டும் என்று தியோடோசியஸ் உத்தரவிட்டார். அது நீதியான உத்தரவு. அதை ரத்து செய்ய வைத்தவரும் இதே அம்புரோஸ்தான். அரசனைத் தடுக்கும் வலிமை பாதிக்கப்பட்டவனுக்காக எழுந்தால் அறமாகிறது, தன் கூட்டத்துக்காக எழுந்தால் அதுவும் அதிகாரமாகிவிடுகிறது.

பெரியபுராணம் சொல்லும் அப்பர் கதையும் இப்படித்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பல்லவ மன்னனின் ஆட்கள் வந்து அழைத்தபோது, தாம் யாருக்கும் குடியல்ல என்று நின்றவர் அவர். நீற்றறையில் அடைத்தார்கள், கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள் என்கிறது புராணம். கடைசியில் மன்னன் மனம் மாறிச் சைவனாகிறான். மாறியவன் முதலில் செய்வது பாடலிபுத்திரத்தில் (இன்றைய கடலூர்ப் பகுதி) இருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அந்தப் பொருள்களைக் கொண்டுவந்து திருவதிகையில் சிவனுக்குக் கோயில் எடுப்பது. மன்னனுடைய சமயம் மாறிற்று. அவன் கையில் இருந்த கருவி அப்படியே இருந்தது. எவ்வளவு தூய்மையான ஒருவர் வென்றாலும் அரண்மனை வெற்றியை இப்படித்தான் செலவழிக்கிறது.

அதனால்தான் மறுத்தவர்களை நான் மீண்டும் மீண்டும் நினைத்துக்கொள்கிறேன். 833-இல் கலீபா அல்-மாமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை அறிஞர்கள் எல்லோரும் ஏற்க வேண்டும் என்று விசாரணை தொடங்கினார். பலர் பணிந்தார்கள். அகமது இப்னு ஹன்பல் பணியவில்லை. அடுத்த கலீபாவின் காலத்தில் சவுக்கடி பட்டார். கொள்கை யார் பக்கம் சரி என்பது இறையியலாளர்களின் விவாதம். என் மனத்தில் பதிந்தது வேறு. பின்னால் வந்த கலீபா முதவக்கில் விசாரணையை நிறுத்தி, அவரைக் கௌரவிக்க விரும்பிப் பரிசுகள் அனுப்பியபோதும் அவர் அவற்றிலிருந்து விலகியே நின்றார். சவுக்கை மறுத்தவர்கள் பலர் உண்டு. பரிசையும் மறுத்தவர்கள் மிகச் சிலர்.

2007 செப்டம்பரில் பர்மாவின் துறவிகள் செய்தது என்னை இன்னும் அசைக்கிறது. பக்கோக்கு நகரில் துறவிகளைப் படையினர் தாக்கியதற்கு ராணுவ ஆட்சி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். மன்னிப்பு வரவில்லை. துறவிகளின் ஒழுக்க நூலான விநயத்தில் உள்ள ஒரு பழைய விதிப்படி, ஆட்சியாளர்களிடமிருந்தும் அவர்கள் குடும்பங்களிடமிருந்தும் இனி தானம் ஏற்பதில்லை என்று அறிவித்துப் பிட்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். தானம் கொடுத்துப் புண்ணியம் சேர்ப்பதே வாழ்வின் பொருள் என்று நம்பும் ஒரு தளபதிக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஆட்சி கவிழவில்லை என்பது உண்மை. மடங்களில் இரவில் புகுந்து அடித்தார்கள், இழுத்துச் சென்றார்கள். ஆனால் அந்த நாள் முதல் ராணுவம் வெறும் ராணுவமாக நின்றது. அதே நாட்டில் சில ஆண்டுகளுக்குள் துறவிகளின் இன்னோர் அமைப்பு, இனத்தையும் மதத்தையும் காப்பதாகச் சொல்லிச் சிறுபான்மையினரைக் குறிவைத்த நான்கு சட்டங்களுக்காகப் போராடி 2015-இல் பெற்றுக்கொண்டது. இரண்டுமே காவி உடுத்தியவர்கள் செய்தவை. எது தம்முடைய வழி என்பதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது நான் கேட்பது என்ன? ஆட்சியாளர்களுக்காகப் பிரார்த்தனை செய்வதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. நீதியோடு ஆளும் அறிவு வேண்டும் என்று ஆளும் எல்லோருக்காகவும் வேண்டுங்கள், ஒருவருடைய வெற்றிக்காக வேண்டாதீர்கள். வழிபாட்டுக்குக் கூடியவர்கள் முன் வேட்பாளரை மேடையேற்றாதீர்கள். அவர் கும்பிட வந்தால் மற்றவர்களோடு வரிசையில் நிற்கட்டும். அரசிடமிருந்து நிலமோ நிதியோ பட்டமோ பெற்றால், என்ன பெற்றோம், யார் கொடுத்தார்கள் என்பதைச் சபைக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். வெளியே சொல்லக் கூசும் எதையும் வாங்காதீர்கள். உங்கள் சமயத்தின் பெயரால் இன்னொரு சமயத்தவர் வீடு எரிக்கப்பட்டால் அந்த வாரமே, எரித்தவர்கள் உங்கள் ஆதரவாளர்களாக இருந்தாலும், பேசுங்கள். நாள் தள்ளிச் சொல்லும் கண்டனம் எரிந்த வீட்டுக்காரருக்கு உதவாது.

இன்னொன்று, இதுவே எனக்கு மிக முக்கியமானது. மறுத்தவர்களை அரசு தனியாக வீழ்த்தியதில்லை. 1568-இல் மாஸ்கோ பேராலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் கொடிய இவானுக்கு ஆசி தர மறுத்தார் பேராயர் பிலிப். அவரைப் பதவி நீக்கியது ஆயர்கள் கூடிய அவை. அவர் தலைமை வகித்திருந்த மடத்தின் துறவிகளே வந்து அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் இவானின் ஆள் வந்து அவர் கழுத்தை நெரித்தான். ஸ்பெயினில் தளபதி பிராங்கோ நடத்திய உள்நாட்டுப் போரை ஆதரித்து 1937-இல் ஆயர்கள் கூட்டாக ஒரு மடல் எழுதினார்கள். அதில் கையெழுத்திட மறுத்த கர்தினால் விதால் இ பர்ராகேர் தாய்நாட்டுக்குத் திரும்ப முடியாமல் 1943-இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். எல் சால்வடாரில் பேராயர் ரொமேரோ, மக்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று படைவீரர்களுக்குக் கடவுளின் பெயரால் கட்டளையிட்ட மறுநாள், 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். அந்நாட்டு ஆயர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அவரைக் கைவிட்டிருந்தார்கள். 2018-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். பிலிப்பையும் அவருடைய திருச்சபை இன்று புனிதராக வணங்குகிறது.

இறந்த பிறகு அவர்களைப் பீடத்தில் ஏற்றுவதற்கு முன், உயிரோடு இருக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் மடத்திலும் மறைமாவட்டத்திலும் மதரசாவிலும் விகாரையிலும் அப்படி ஒருவர் இப்போதே இருக்கக்கூடும். இளையவராக, பதவி இல்லாதவராக, கூட்டத்தில் எழுந்து “இந்த மனிதரை நாம் ஆசீர்வதிக்கக் கூடாது” என்று சொன்னவராக இருப்பார். அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை கோரும் தாள் உங்கள் மேசைக்கு வரும். அதில் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
நம்பிக்கையுள்ள ஒரு குடிமகன்